நின்ற மலை ஏன் ஓடுகிறது: மண்துகளின் வடிவமும் உராய்வும்

நீலகிரியில் மழை வலுத்தால் செய்திகள் ஒரே வரிசையில் வரும். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவு, மலை ரயில் ரத்து, கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்பட்ட பேருந்துகள், ஜேசிபி மண் அள்ளும் படம். படிப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வருவது நியாயம். பல வருடங்கள் அசையாமல் நின்ற மேடு ஒரே ராத்திரியில் எப்படி விழுந்தது? விழுந்தது மண்தான் என்றால், விழுந்த இடத்திலேயே குவியாமல் குழம்பாகிச் சாலையைத் தாண்டி, கீழ்வரிசை வீடுகள் வரை எப்படி ஓடியது?

"ஈரத்தில் மண் வழுக்கிவிட்டது" என்பது எல்லோரும் சொல்லும் பதில். அது கவனத்தைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. மணல்துகள்களில் பெரும்பங்கு வகிக்கும் குவார்ட்ஸ் போன்ற கனிமங்கள் நனைந்தால் அவற்றின் உராய்வு எண் (உரசும்போது எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) குறைவதில்லை. தண்ணீர் கை வைப்பது வேறு இடத்தில். அது எங்கே என்று தெரிந்தால்தான் எந்தச் சரிவை வெட்டலாம், தோண்டிய மண்ணை எங்கே கொட்டக் கூடாது, தடுப்புச் சுவரில் துளை ஏன் வேண்டும் என்பதெல்லாம் விளங்கும். அதற்கு முதலில் துகள்களிலிருந்து தொடங்க வேண்டும்.

## குவியல் காட்டும் கோணம்

மணல், ஜல்லி, அரிசி, மிளகு, தேயிலைத்தூள் எல்லாம் இயற்பியலில் ஒரே இனம். தனித்தனித் துகள்கள் ஒன்றையொன்று தொட்டும் உரசியும் சேர்ந்திருப்பவை. இவற்றைத் துகள்பொருள் என்று சொல்வோம். நெருக்கமாக அடைந்திருக்கும்போது துகள்பொருள் திடமாக நிற்கும். மேலே ஏறி நடக்கலாம். சாய்வு கூடினால் அதே பொருள் ஓடும். தண்ணீர் எவ்வளவு சின்னச் சாய்விலும் ஓடிவிடும். துகள்பொருளோ ஒரு குறிப்பிட்ட சாய்வு வரை பிடிவாதமாக நிற்கும். மேலிருந்து கொட்டிய குவியலின் பக்கம் தரையோடு அமைக்கும் அந்தச் சாய்வுக்குக் குவியல் கோணம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வழுவழுப்பான கண்ணாடி மணிகளுக்கு அது 22 டிகிரி அளவில் இருக்கும். காய்ந்த ஆற்று மணலுக்கு 30 டிகிரியைத் தாண்டும். உடைத்த ஜல்லிக்கு 40 டிகிரியை நெருங்கும்.

சரிவு ஒன்று எதனால் நிற்கிறது என்பதற்குக் கணக்குப் போட்ட முன்னோடிகளில் ஒருவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலூம். மின்னியல் பாடத்தில் வருகிற அதே கூலூம்தான். கோட்டைச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் மண் எவ்வளவு தள்ளும் என்பதை 1773-இல் அவர் ஆராய்ந்தார். அவர் சொன்னதை இன்றைய மொழியில் மூன்று உறுப்புகளாகப் பிரிக்கலாம்:

1. உராய்வு: துகளும் துகளும் உரசும்போது எழும் எதிர்ப்பு. துகளின் மேற்பரப்பும் வடிவமும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன.

2. அழுத்தம்: துகள்களை ஒன்றோடொன்று அழுத்திவைக்கும் விசை. உராய்வு எண்ணை இதோடு பெருக்கினால்தான் உண்மையான எதிர்ப்பு கிடைக்கும். அழுத்தம் இல்லையென்றால் எவ்வளவு சொரசொரப்பும் பயன்படாது.

3. ஒட்டுப்பிடிப்பு: களிமண், வேர், துகள்களுக்கு இடையே நிற்கும் சிறு ஈரம் ஆகியவை தரும் பிடிப்பு. அழுத்தம் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

மழை இந்த மூன்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் தாக்குகிறது. இருந்தாலும் முதலாவதைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் அவ்வளவு சரியில்லை. அங்கேயே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

## சொரசொரப்புக்கு ஓர் எல்லை உண்டு

துகள் சொரசொரப்பாக இருந்தால் போதும், குவியல் நன்றாக நிற்கும் என்றுதான் தோன்றும். கணினிக்குள் உருண்டைத் துகள்களை அடுக்கிப் பார்த்த ஆய்வுகள் வேறு படத்தைத் தருகின்றன. உராய்வே இல்லாத, முழு வழுக்கலான உருண்டைகளாலான குவியல்கூட 5 முதல் 6 டிகிரி சாய்வு வரை நிற்கும். ஒரு உருண்டை நகர வேண்டுமானால் பக்கத்து உருண்டைமேல் ஏறி இறங்க வேண்டும்; அந்த அடுக்கு மட்டுமே இவ்வளவு எதிர்ப்பைத் தந்துவிடுகிறது. உராய்வு எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் தாங்கும் கோணமும் கூடுகிறது. ஆனால் 20 டிகிரிக்குச் சற்று மேலே போனதும் அது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு உராய்வை இரண்டு மடங்காக்கினாலும் பெரிய லாபம் இல்லை.

காரணம் எளிது. சறுக்குவது கஷ்டமானால் உருண்டை உருளத் தொடங்கிவிடும். உருளுவதற்கு உராய்வு தடையே இல்லை. உருளுவதை நிறுத்த வடிவம்தான் வேண்டும்: மூலை, முனை, தட்டைப் பக்கம். கண்ணாடி மணிக்கும் உடைத்த ஜல்லிக்கும் இடையிலான அந்தப் பெரிய இடைவெளியில் பெரும்பகுதி வடிவத்தின் கொடை.

மலை ரயில் தண்டவாளத்தின் கீழே கிடக்கும் ஜல்லியைக் குனிந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு கல்லிலும் உடைந்த முகங்கள் பல. முகங்கள் சேரும் இடமெல்லாம் கூர்விளிம்பு. ஒரு கல்லின் முனை இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இடுக்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து அசையும். கல்லாறு–குன்னூர் பகுதியில் 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஏறும் அந்தப் பாதையில், பல்சக்கரத்தால் உந்தி ஏறும் ரயிலின் விசை முழுவதும் கடைசியில் இந்தக் கற்களிடம்தான் வந்து சேர்கிறது. ஆற்றில் அடிபட்டு வழவழப்பான கூழாங்கல்லை அங்கே பரப்பினால் தண்டவாளம் நாளடைவில் நகர்ந்துவிடும். ரயில்வே உலகெங்கும் உடைத்த கல்லையே கேட்பது இதனால்தான். கொத்தனார்களுக்கும் இது தெரிந்த விஷயம்: ஆற்று மணல் போட்ட கலவை கரண்டிக்கு இணங்கி வரும், முனைகள் நிறைந்த எம்-சாண்ட் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

வடிவம் எப்போதும் எதிர்ப்பைக் கூட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. அது மூன்று வழிகளில் வேலை செய்கிறது, மூன்றாவது வழி தலைகீழ்:

1. முனையுள்ள துகள் உருளாது. எதிர்ப்பு கூடும்.

2. நீண்டும் சுருண்டும் இருப்பவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நீலகிரியில் அதிகம் தயாராகும் சிடிசி தேயிலை குருணையாக இருப்பதால் தொட்டியின் வாயிலிருந்து தடையின்றி இறங்கும். முறுக்கிய ஆர்த்தடாக்ஸ் இலையோ வாயருகே பாலம் கட்டி நின்றுவிடக்கூடியது.

3. தட்டையான துகள்கள் ஆரம்பத்தில் தாறுமாறாகக் கிடந்து நன்றாகத் தாங்கும். ஒருமுறை நகரத் தொடங்கிவிட்டால் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வழுக்குத்தளம் ஒன்றை உருவாக்கிவிடும். களிமண் கனிமங்கள் இந்த வகை. தாள் தாளாக இருக்கும் அவை ஒரு திசையில் அடுக்காகப் படிந்த பிறகு, தாங்கும் கோணம் சில களிமண்களில் 10–15 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. ஏற்கெனவே ஒருமுறை சரிந்த இடம் பிறகு சின்ன மழைக்கே மறுபடி நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## வெட்டிய மேட்டில் என்ன இருக்கிறது

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். கடினமான பாறைதான். ஆனால் நீண்ட காலம் மழையும் வெப்பமும் தாக்கியதில் அதன் மேற்பகுதி பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிப்போயிருக்கிறது. சாலைக்காகவோ வீட்டுக்காகவோ புதிதாக வெட்டிய மேட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். மேலே தேயிலை வேர் ஓடிய கறுத்த மண். அதன்கீழே இரும்பு கலந்த செம்மண், களி அதிகம். அதற்கும் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக ஓர் அடுக்கு. பார்த்தால் பாறை மாதிரியே இருக்கும், பழைய பாறையின் கோடுகூட மாறாமல் தெரியும், விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். பாறையிலிருந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறிவிட, மக்காத குவார்ட்ஸ் மணிகள் நடுநடுவே நறநறவென்று தட்டுப்படும். இதற்குள்ளேயே ஆங்காங்கே உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கும். வெங்காயத்தோல் உரிவதுபோல் சுற்றிலும் மக்கி, நடுவில் மிஞ்சிய குண்டுகள் அவை.

முன்பு சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். முனையுள்ள குவார்ட்ஸ் மணிகள் எதிர்ப்பைத் தருகின்றன. அவற்றைச் சூழ்ந்திருக்கும் களித்தாள்கள் நகர்ந்தால் வழுக்குகின்றன. பெரிய பாறைகளோ உருளுவதற்கென்றே செய்தவை மாதிரி இருக்கின்றன. ஒரே மேட்டுக்குள் மூன்று வடிவங்கள், மூன்று குணங்கள்.

## தண்ணீர் செய்யும் இரண்டு வேலைகள்

இனி மழைக்கு வரலாம்.

முதல் வேலை, ஒட்டுப்பிடிப்பைக் கரைப்பது. ஓரளவு ஈரமாக உள்ள மண்ணில் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்பாலங்கள் இருக்கும். அவை துகள்களை உள்ளே இழுத்துப் பிடிக்கும். செங்குத்தாக வெட்டிய செம்மண் மேடு வருடக்கணக்கில் நிற்பதைப் பார்த்து "இது கெட்டி மண், ஒன்றும் ஆகாது" என்று சொல்கிறோம். அந்தக் கெட்டித்தனத்தில் ஒரு பங்கு இந்த ஈரத்தின் இழுவிசை. நாள்கணக்கில் பெய்த மழை இடைவெளிகளை முழுதாக நிரப்பியதும் நீர்ப்பாலங்கள் மறைகின்றன, இழுவிசையும் போய்விடுகிறது. கொஞ்சம் ஈரம் காப்பாற்றும். நிறைய ஈரம் கைவிடும்.

இரண்டாவது வேலை இன்னும் முக்கியமானது. இடைவெளிகளில் நிரம்பிய தண்ணீருக்கும் அழுத்தம் உண்டு. மேலே இருக்கும் சுமையில் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்கிறது. அந்த அளவுக்குத் துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது. மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் தெர்சாகி 1920-களில் வகுத்த அடிப்படை விதி இதுதான்: உராய்வுக்குக் கணக்கில் வருவது மொத்தச் சுமை அல்ல, அதிலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தபின் மிஞ்சும் துகளழுத்தம் மட்டுமே. உராய்வு எண் அப்படியே இருக்கிறது. அதைப் பெருக்கும் எண் சுருங்குகிறது.

எவ்வளவு சுருங்கும்? ஒட்டுப்பிடிப்பு இல்லாத ஒரு மண்ணின் உராய்வுக் கோணம், அதாவது உராய்வு மட்டுமே தாங்கக்கூடிய சாய்வு, 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்திருக்கும்போது 35 டிகிரிச் சரிவு வரை நிற்கும். தரைமட்டம் வரை நீர் நிரம்பி, சரிவுக்கு இணையாகக் கசிந்து ஓடும் நிலையில், நனைந்த மண்ணின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் துகள்களை அழுத்துகிறது. கணக்குப் போட்டால் தாங்கும் சரிவு 19 டிகிரியாகக் குறைகிறது. நீலகிரியில் தேயிலையும் வீடுகளும் இருக்கும் சரிவுகளில் எத்தனையோ இதைவிடச் செங்குத்தானவை. களியும் வேரும் தரும் பிடிப்பு, அதோடு தண்ணீர் வடிந்துபோக இருக்கும் வழி, இவைதான் அவற்றை நிறுத்திவைத்திருக்கின்றன. 2009 நவம்பரில் ஊட்டிக்கு அருகிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது அந்த வழிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

## சில சரிவுகள் ஊர்வதும் சில பாய்வதும்

என் பார்வையில் இந்த விஷயத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இந்தப் பகுதிதான். ஒரே மண், ஒரே சரிவு, ஒரே மழை. ஓரிடத்தில் நிலம் மெல்ல மெல்ல இறங்கி, விரிசல் காட்டி, எச்சரிக்கை தருகிறது. இன்னோரிடத்தில் நொடிகளில் பாய்ந்துவிடுகிறது. ஏன்?

1885-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான அடிப்படையைச் சொன்னார். நெருக்கமாக அடைந்த துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ஆகவே மொத்தக் கனஅளவு விரிய வேண்டும். மெரினாவில் ஈர மணலில் காலை அழுத்தினால், காலைச் சுற்றிலும் மணல் சட்டென்று காய்ந்தது மாதிரி வெளுக்கும். மணல் விரிகிறது, இடைவெளி பெருகுகிறது, மேலிருந்த தண்ணீர் உள்ளே இறங்குகிறது. துகளில் முனைகள் அதிகமானால் இந்த விரிவும் அதிகம். தளர்வாகக் கிடக்கும் துகள்கள் இதற்கு நேர்மாறு: அசைத்தால் அமுங்கும்.

இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினையாகிறது:

1. நெருக்கமான மண் நகரத் தொடங்கினால் விரிகிறது. இடைவெளி பெருகி நீரழுத்தம் குறைகிறது. துகள்கள் மறுபடி இறுகுகின்றன. சரிவு தனக்குத்தானே பிரேக் போட்டுக்கொள்கிறது.

2. தளர்வான மண் நகரத் தொடங்கினால் அமுங்குகிறது. தண்ணீர் வெளியேற நேரம் இல்லாததால் நீரழுத்தம் ஏறுகிறது. துகளழுத்தம் கிட்டத்தட்ட மறைந்து, மண் முழுவதும் குழம்பாகிறது. பிறகு அதை நிறுத்த எதுவும் இல்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், 31 டிகிரிச் சாய்வில் கட்டிய பெரிய கான்கிரீட் ஓடையில் அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டது. ஒரே மண்ணை இரண்டு விதமாக நிரப்பினார்கள். இடைவெளி 50 சதவீதம் இருந்த தளர்வான மண், சரியத் தொடங்கிய ஒரே நொடியில் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் எடுத்தது. இடைவெளி 40 சதவீதமாக அடைத்த மண் விட்டு விட்டு ஊர்ந்தது; சராசரியாக நொடிக்கு 2 மில்லிமீட்டர். அடைத்த விதத்தில் பத்து சதவீத வித்தியாசம், வேகத்தில் சில நூறு மடங்கு.

மலையில் வீட்டுமனை சமன்செய்யும் வழக்கத்தை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கச் சரிவில் தள்ளிவிடுகிறார்கள். அந்த மண் அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கியதல்ல, வண்டியிலிருந்து கொட்டியது. மேலே புல் முளைத்துப் பச்சையாகிவிட்டால் பழைய நிலம் மாதிரியே இருக்கும். உள்ளே இன்னும் தளர்வுதான். பாயக்கூடிய வகை மண்ணை நாமே தயாரித்து அடுத்தவர் தலைக்கு மேலே வைத்திருக்கிறோம். மேட்டை வெட்டுவதைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கொட்டும் மண்ணைப் பற்றி நாம் பேசாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

## ஓடத் தொடங்கியபின்

நெருக்கமான துகள் ஓட்டத்தில் எதிர்ப்பு நிலையான எண் இல்லை. ஓட்டம் வேகமாகும்போது அதுவும் கூடும். ஜோப், ஃபோர்தெர், பூலிக்கென் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2006-இல் இதை ஒரு எளிய சூத்திரமாக எழுதினார்கள். கண்ணாடி மணிகளுக்கு மெதுவான ஓட்டத்தில் உராய்வு எண் 0.38, சாய்வாகச் சொன்னால் சுமார் 21 டிகிரி. மிக வேகமான ஓட்டத்தில் அது 0.64-ஐ நெருங்கும், சுமார் 33 டிகிரி. சாய்வு இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தால் ஓட்டம் ஒரு சீரான வேகத்தில் நிலைக்கும். 33-ஐத் தாண்டினால் எதிர்ப்பு ஈடுகொடுக்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். முனையுள்ள துகள்களுக்கு இரண்டு எண்களுமே உயரும். நின்றதைக் கிளப்பத் தேவையான சாய்வைவிட, ஓடுவதை நிறுத்தத் தேவையான சாய்வு ஓரிரு டிகிரி குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளம்பிய சரிவு, தான் கிளம்பியிருக்கவே முடியாத சமதளமான இடத்திலும் கொஞ்ச தூரம் ஓடும்.

அப்புறம் பாறைகள். பலதரப்பட்ட அளவுள்ள துகள்கள் ஓடும்போது சிறியவை இடுக்குகள் வழியே கீழே இறங்கும், பெரியவை மேலே வரும். ஓட்டத்தில் மேற்பகுதிதான் வேகம் என்பதால், மேலே வந்த பாறைகள் முன்வரிசைக்குப் போய்ச் சேரும். முன்னால் பாறைச் சுவர், பின்னால் குழம்பு மண். சார்னோகைட் மக்கி மிஞ்சிய உருண்டைகள் இந்த இடத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டன. பாலமோ சுவரோ, முதல் அடியை இந்தப் பாறைகளிடம்தான் வாங்குகிறது.

## சுவர், துளை, வேர், எச்சரிக்கை

தடுப்புச் சுவர் கட்டுவது நல்லதுதான். ஆனால் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரை வெளியேற்றாத சுவர், தான் தாங்க வேண்டிய சுமையைத் தானே கூட்டிக்கொள்கிறது. சுவரில் விடும் துளைகளும், அவற்றின் பின்னால் போடும் ஜல்லி வடிகட்டியும் அலங்காரம் அல்ல. வீட்டுக்காரர்கள் அழுக்கு வடிகிறது என்று சிமென்ட் வைத்து அடைத்துவிடுவதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். கம்பிவலைக்குள் கல் அடுக்கும் கேபியன் சுவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தண்ணீர் அதன் ஊடாகவே போய்விடும். உள்ளே போடுவது உடைத்த கல்லாக இருந்தால் வடிவத்தின் பலமும் சேரும்.

புல்லும் சோலை மரங்களும் வேரால் பிடிப்பைத் தருகின்றன. தேயிலைச் செடிக்கும் ஆழமான வேர் உண்டு. ஆனால் வேர் எட்டாத ஆழத்தில், மக்கிய பாறைக்கும் கெட்டிப் பாறைக்கும் இடையே தண்ணீர் தேங்கினால், மேலே உள்ள பசுமை எதுவும் உதவாது. அங்கே வடிகால் ஒன்றுதான் வழி.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையத்தைத் தொடங்கியது. அன்றாட முன்னறிவிப்பு முதலில் கிடைத்த மாவட்டங்களில் டார்ஜிலிங், கலிம்போங்குடன் நீலகிரியும் ஒன்று. இப்படிப்பட்ட அறிவிப்புகள் அன்றைய மழையை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவையல்ல. முந்தைய நாள்களின் மழையும் கணக்கில் வரும். நீர்ப்பாலங்கள் ஏற்கெனவே கரைந்து, இடைவெளிகள் நிரம்பிய மண்ணுக்கு நடுத்தர மழையே போதும். "இன்று பெரிய மழை இல்லையே" என்று அறிவிப்பை ஒதுக்குவது அதனால்தான் ஆபத்து.

மாவட்ட அளவிலான அறிவிப்பு உங்கள் வீட்டு மேட்டைக் குறிப்பிட்டுச் சொல்லாது. அதைச் சொல்லும் அடையாளங்கள் நேரில் கிடைக்கும். மேட்டின் உச்சியில் பிறை வடிவில் புது விரிசல், இறுகித் திறக்க மறுக்கும் கதவு, சாய்ந்த மின்கம்பம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதுவரை கசியாத இடத்தில் கசிவு. இவை எல்லாம் துகள்கள் ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டதன் அறிகுறி. மண் நெருக்கமானதாக இருந்தால் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கக்கூடும். கொட்டிய மண்ணாக இருந்தால் ஊர்தல் எந்த நொடியிலும் பாய்ச்சலாக மாறலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே விரிசலுக்குள் மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், வருவாய்த் துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ உடனே தகவல் சொல்ல வேண்டும், மேட்டுக்கு மேலும் கீழும் இருப்பவர்கள் அன்றிரவு அந்த வீடுகளில் தூங்கக் கூடாது.